மிளாவுக்கு எட்டாத கிளை

ஊறுகாய்க்குக் களாக்காய் பறிக்கத்தான் அந்தக் கோடையில் புளியங்குடிக்குப் போனேன். சங்கரன்கோவில் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மதினிக்கு, மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மேற்கு ஓரம் முழுக்கக் களாப்புதர்தான்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த வருஷம் அங்கே ஒருமுறை பறித்திருக்கிறேன். சேலை கிழிந்து, முழங்கை வரை கீறலோடு திரும்பினேன். அதனால் இந்த முறை கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சட்டையைப் பார்த்ததும் மதினி சிரித்தார். “ஏட்டி, எதுக்கு இது? போருக்கா போறே?”

“முள்ளுக்கு, மதினி.”

இடையில் தோட்டத்துக்குள் யானை வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு சோலார் வேலி போட்டிருந்தார்கள். கம்பி அந்தப் புதரின் நடுவே ஓடியதால், பாதிச் செடிகள் உள்ளே, பாதி வெளியே. பகலில் கரண்டை நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே நின்ற செடிகளைப் பார்த்து, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கிளைகளைத் தாராளமாக வீசியிருந்தன. கையை விட்டேன். குத்தவில்லை. முள் இருந்தது. ஆனால் குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சட்டையைக் கழற்றி வேலிக்கல்லில் போட்டுவிட்டேன்.

கூடை நிறைந்தது. வெளியே இருப்பதையும் பார்ப்போம் என்று கம்பிக்கு அடியில் குனிந்து போனேன். பறிக்கக் கையை நீட்டியதுமே ரத்தம் வந்துவிட்டது. இடுப்பு உயரத்துக்குமேல் வளராத செடிகள், பந்துபோல இறுகிக் கிடந்தன. கவட்டை கவட்டையாக விரல் நீளத்துக்கு முள். இலைகள் சின்னதாக, முள்ளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தன.

“மதினி, இது வேற ஜாதிச் செடியா?”

“ஒரே செடிதான். வெளிய நிக்கதை மிளா வந்து கடிச்சிட்டே இருக்கு. கடிக்கக் கடிக்க இப்படி ஆயிட்டு.”

மிளா எங்கள் பக்கத்துப் பெரிய மான். நின்றால் பசுமாட்டுக்குச் சமமாக இருக்கும்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடிபட்ட நுனிக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடித்திருந்தது. அவற்றின் நுனியும் கடிபட்டு, அதற்குக் கீழே மறுபடி வெடித்திருந்தது. ஒரு வாயில்லாச் செடி, வருஷக்கணக்காக வாங்கிய கடியை எல்லாம் உடம்பிலேயே வைத்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது என் பின்னாலேயே தொரட்டிக் கம்போடு வந்த மதினிதான் மேலே கை காட்டினார். “ஏட்டி, அங்கன பாரு.”

புதர்களிலேயே அகலமான ஒன்றின் நடுவிலிருந்து ஒரு கிளை மட்டும் நேராக மேலே போயிருந்தது. சுற்றிலும் முள் காவல் இருந்ததால் மிளாவின் வாய் நடுப்பகுதியை எட்டவில்லைபோல. தொரட்டியை மாட்டி அதை மெதுவாக வளைத்தோம். அடியில் விரல் நீள முள். மேலே போகப் போக முள் குறைந்தது. தலைக்கு மேலே அகலமான இலையும் வெள்ளைப் பூவும் பிஞ்சும்தான். முள் பெயருக்குத்தான் இருந்தது.

“இதுக்கு மேல மிளாவுக்கு எட்டாதுன்னு இதுக்கு எப்படி மதினி தெரியும்?”

மதினி பிஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொரட்டியை எடுத்தார். கிளை விசுக்கென்று மேலே போனது.

“இந்த வருசம் இதையெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணணும்னு உங்க அண்ணன் சொல்லிட்டிருந்தாக,” என்றார், தன் கணவரைக் குறிப்பிட்டு. “வேண்டாம்னு சொல்லுதேன்.”

வெயில் தாழ்ந்து, நாங்கள் வேலிக்குள் திரும்பி எலுமிச்சை நிழலில் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஓடைப் பக்கம் சருகு நொறுங்கியது. பெரிய ஆண் மிளா, கொம்போடு. மதினி என் கையைப் பிடித்தார். அது உதட்டைச் சுருக்கி, முள்ளுக்கு இடையில் ஒவ்வொரு இலையாகப் பறித்துத் தின்றது. பிறகு அந்த அகலமான புதரிடம் வந்தது. கழுத்தை நீட்டியது. இன்னும் நீட்டியது. மேலேயிருந்த பூ அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டு, மிளா அடுத்த செடிக்கு நகர்ந்தது.

நாங்கள் இருவரும் மூச்சு விடவே மறந்திருந்தோம்.