அடுக்களையைச் சுற்றிப் போன கோடு

அண்ணனும் கணக்கு வாத்தியார், நானும் கணக்கு டீச்சர். ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும். இரண்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற ரோட்டோரம் இருந்த எங்கள் காபித் தோட்டமே சாட்சி.

அம்மா போன பிறகு தோட்டத்தைப் பிரிக்க வேண்டி வந்தது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பின்னால் பிள்ளைகள் முட்டிக்கொள்ளக் கூடாது என்று அண்ணன்தான் பேச்சை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தது பிரிக்க வேண்டும், இளையது எடுக்க வேண்டும். பிரிக்கிறவர் தனக்கு எது வேண்டும் என்று மூச்சு விடக்கூடாது. விட்டால் எடுக்கிறவரின் கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடும். யார் கண்டுபிடித்த வழக்கமோ, புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது வீடு. ரோட்டோரம் ஓடு போட்ட பழைய வீடு. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு வாரக் கடைசி தோறும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவளோடு அங்கேதான் கிடந்தேன். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து அடுப்புப் பக்கத்தில் நிற்கும். ரிட்டயர் ஆனதும் சேலத்து வெயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்த அடுக்களையில் வந்து நிற்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நிலத்தின் ஒரு பக்கம் ரோடு, நேராகப் போகும். எதிர்ப் பக்கம் ஓடை, அது இஷ்டத்துக்கு வளையும். ரோட்டிலிருந்து ஓடை வரை குறுக்கே ஒரு கோடு போட்டு, மேல் பாதி, கீழ்ப் பாதி என்று சமமாகப் பிரிக்க வேண்டும். வளைந்த எல்லைக்குள் இருக்கும் பரப்பை எப்படி அளப்பது? பிளஸ் டூ பிள்ளைகளைக் கேட்டால் தொகையீடு என்று கத்தும். ஆனால் ஓடை எந்தச் சமன்பாட்டை எழுதி வைத்துவிட்டு ஓடுகிறது? அதனால் பட்டை பட்டையாக வெட்ட வேண்டும். ரோட்டில் பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, ஒவ்வொரு குச்சியிலிருந்தும் ஓடை எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து, அந்த நீளங்களைக் கொண்டு பரப்பைக் கூட்ட வேண்டும். அண்ணன் பையன் போனில் மேப்பைத் திறந்து, "இதுலயே அளந்தர்லாம்ப்பா" என்றான். இரண்டு பேரும் ஒரே குரலில் அவனை விரட்டினோம். சர்வேயர் வந்து கல் நடும்போது நடட்டும், கணக்கு எங்களுடையது.

சண்டை அதன் பிறகுதான் ஆரம்பித்தது, அதுவும் நிலத்துக்காக இல்லை. நான் சரிவக விதிக்காரி. பக்கத்துப் பக்கத்து நீளங்களை நேர்கோட்டால் இணைத்து, கிடைக்கும் சரிவகங்களைக் கூட்டினால் முடிந்தது வேலை. அண்ணனுக்குப் பரவளைய விதி. இரண்டிரண்டு பட்டையாகச் சேர்த்து அவற்றின் மேல் ஒரு வளைகோட்டைப் போர்த்துவார்.

"என்ன கண்ணு, இன்னும் சரிவகத்தையே புடிச்சுத் தொங்கறே? ஓடை என்ன ஸ்கேல் வெச்சா ஓடுது?"

"பரவளையம் வெச்சும் ஓடலீங்ணா. உங்க விதிக்குப் பட்டை ரெட்டைப்படையா வரோணும். கடைசிப் பட்டை ஒத்தையா நிக்குதே, அத என்ன, கழுத்தப் புடிச்சு ஓடையில தள்ளறதா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் விஷயம் அவர் பக்கம்தான் இருந்தது. கீழ்ப் பாதியில் ஓடை வெளியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே என் நேர்கோடுகள் வயிற்றை வெட்டிவிட்டுப் பரப்பைக் குறைத்துச் சொல்லும். என் கணக்குப்படி பாதிக்கோடு ஒரு இடத்தில், அவர் கணக்குப்படி இன்னொரு இடத்தில். நடுவில் இரண்டு வரிசை காபிச் செடி. அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க வாதாடினோம். குச்சிகளை ஐந்து மீட்டருக்கு நெருக்கினோம், பிறகு இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு. நெருக்க நெருக்க இரண்டு கணக்கும் ஒன்றையொன்று நோக்கி வந்தன. ஒரு நாள் காட்டெருமை வந்து குச்சிகளை மிதித்துவிட்டுப் போனது. நாங்கள் முகம் சுளிக்காமல் மறுபடி நட்டோம். கடைசியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. எத்தனை சந்தோஷம்! அண்ணன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அத்தனை நல்ல மழைக்காலம் வேறு இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அந்தப் பாதிக்கோடு வீட்டு அடுக்களையின் குறுக்கே போனது. அண்ணன் ஒரு பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்து கோட்டைச் சாய்த்தார். ரோட்டுப் பக்கம் கீழே இறக்கி, ஓடைப் பக்கம் மேலே ஏற்றி, பரப்பு குலையாமல் வீடு முழுசாக மேல் பாதிக்குள் வரும்படி செய்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணி போன பிறகு, சேலத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மேலயே வந்து இருந்தர்லாம்னு இருக்குது" என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் வீட்டுக்குத்தான் ஏங்குகிறார், வாயைத் திறக்க முடியாமல் கோட்டால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் கீழதானுங்ணா எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி கண்ணு" என்றார்.

அடுத்து வந்த சேர்வராயன் கோயில் திருவிழா சமயம், நெரிசலான பஸ்ஸில் நின்றபடி வந்துகொண்டிருந்தவள் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தேன். வீட்டுக் கூரையைக் காணோம். அங்கே ஜேசிபி நின்றது. அண்ணன் தன் பாதியை ஏதோ ரிசார்ட்டுக்கு விற்றுவிட்டார் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே சேலம் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வீட்டுக்குள் போய் நின்றேன்.

"ஏனுங்ணா, அம்மா இருந்த ஊடுங்க! விக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா?"

அவர் அசரவில்லை. "உனக்கே வேண்டாத ஊட்ட நான் வெச்சிருந்து என்ன பண்றது?"

"வேண்டாம்னு நான் எப்பங்ணா சொன்னேன்?"

"நீதான் கீழ எடுத்தியே." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ மேலதான் எடுப்பேன்னு இருந்தேன் கண்ணு. அடுக்களை வெட்டுப்படாம உனக்கு முழுசா வரோணும்னுதான் கோட்டையே சாச்சேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சாணுக்காக ஒரு மழைக்காலம் பேசிய வாய்கள், இதை மட்டும் கேட்கவில்லையே.

"அப்ப உங்களுக்கு எதுங்ணா வேணும்னு இருந்துச்சு?"

"எனக்கா? ஓடை வளைவுல ஒரு ரூம் போட்டு இருந்துக்கலாம்னு நொம்ப நாளா நெனப்பு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அது எங்கிட்டதானுங்ணா இருக்குது. இப்பவே போடலாம், வாங்க."

அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அங்க உக்காந்து மேல பாத்தா ஊடு தெரியோணும் கண்ணு. நீ அடுக்களைல நிக்கறது தெரியோணும்."