லாரிக்கு அடியில் படுத்தவர்

போன வருடம் ஆவணி மாதம், பாரிவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டை ஒட்டிய காலி மனையில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். சொந்தமாக ஒரு வண்டி கொடு தாயே என்று நான் அம்மனிடம் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. கடைசியில் என் நகையை வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கினோம். விற்றவர் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். பல மாதம் ஓடாமல் கிடந்த வண்டி, இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தது. அதைப் போடாமல் வண்டியை ரோட்டில் இறக்க மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார்.

ஏஜென்ட் போனில் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் கொடுப்பதற்கான தேர்டு பார்ட்டி கட்டாயம். அதுவே பெரிய பணம். நம் வண்டிக்கும் சேர்த்து முழு இன்சூரன்ஸ் என்றால் இன்னும் ஏறியது. விபத்தில்லாமல் ஓட்டினால் தள்ளுபடி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினெட்டு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினாரே, அதற்கு ஒன்றும் கிடையாதா என்று கேட்டேன். “அது ஓட்டுனவருக்கு இல்லம்மா, ஓனருக்கு. நீங்க இப்பதான ஓனர் ஆகியிருக்கீங்க” என்றார் ஏஜென்ட்.

“தேர்டு பார்ட்டி மட்டும் போதுங்க. மத்ததை அம்மா பாத்துப்பா” என்றேன் இவரிடம்.

“பாத்துப்பா, சரி. பம்பர் ஒடைஞ்சா ஷெட்டுக்காரன் பில்லை அவகிட்டயா குடுப்பான்?” என்றார்.

அவளிடமே கேட்டுவிடலாம் என்று இவரைத் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் முழு இன்சூரன்ஸ், சிவப்பு வந்தால் தேர்டு பார்ட்டி மட்டும் என்று வேண்டிக்கொண்டு பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்புதான் வரும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை வந்தது. சரியாக மடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் வெள்ளை.

“மூணாவது தபாவும் கேளேன். அவளுக்கு வேற இன்னா வேலை கீது” என்று இவர் சிரித்தார். எனக்கு அம்மன் மேலேயே கோபம். அன்று குங்குமம்கூட வாங்காமல் வீடு திரும்பினேன். இவர் ஏஜென்டிடம் முழு இன்சூரன்ஸுக்கே சொல்லிவிட்டார்.

இன்சூரன்ஸ் விட்டுப்போன வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட வேண்டுமென்றால் ஆள் வந்து வண்டியை நேரில் பார்ப்பார்களாம். வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, சட்டை முழுக்க வியர்வை. பணம் பிடுங்குகிற கூட்டத்து ஆள் என்ற எண்ணத்தில் நான் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஓசூருக்கு இரும்பு லோடு பேசி வைத்திருந்தோம். எங்களுடைய முதல் லோடு. அதைத் தவறவிட்டால் அந்தக் கம்பெனி வேறு லாரியைப் பிடித்துக்கொள்ளும். இந்த மனிதர் சீக்கிரம் முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

அவர் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பிறகு ஒரு பேப்பரை மண்ணில் விரித்து, சிரமப்பட்டு முட்டி போட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் லாரிக்கு அடியில் படுத்தார். வண்டி மொத்தத்தையும் தாங்குகிற இரும்புச் சட்டம் இருக்கிறதே, சேஸிஸ், அதில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் எழும்பும். அதை அவர் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம்.

“போட்டோவுலதான் நம்பர் தெரியுமே, இதுக்குக் கீழ வேற படுக்கணுமா?” என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

“போட்டோ மட்டும் அனுப்புனா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்கம்மா” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

நம்பர் மேல் அப்பியிருந்த புதுப் பெயின்டைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தேய்த்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தாள் எடுத்து மறுபடி தேய்த்தார், நான் கோயிலில் இரண்டாம் முறை கேட்டதைப் போல. இரண்டு தாளிலும் எண்களுக்கு நடுவே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஸ்கூட்டர் சாவியால் அந்த இடத்தைச் சுரண்டினார். பெயின்ட் உதிர்ந்தது, அதற்குள் பூசி அடைத்திருந்த பட்டிப் பசை உதிர்ந்தது, உள்ளே துருவேறிய விரிசல் தெரிந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் பட்டைவில் மாட்டியிருக்கும் இடம் வரை அது போயிருந்தது.

இஞ்சின், கியர், டயர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிய இவருக்கு முகம் செத்துவிட்டது. “சார், நாளைக்கு ஒரு லோடு மட்டும் அட்ச்சுட்டு வந்து வெல்டிங் வச்சுக்கறேன். பேப்பரைப் போட்டு வுட்டுரு சார்” என்றார். குரல் கெஞ்சியது. இவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அந்த மனிதர் மண்ணிலேயே உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். “போட்டோவுல இது தெரியாதுண்ணே. நான் எழுதலைன்னா யாருக்கும் தெரியாது. ஆனா ஓசூருக்குப் பேப்பரா வண்டி ஓட்டிக்கினு போவப்போவுது? நீதான போவணும்.”

இவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து, நாளைக்கு வரவில்லை என்று கம்பெனிக்குச் சொன்னார். அப்போதுதான் நான் உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அந்த மனிதர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். தாளில் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிட்டு வெயிலில் கிளம்பிப் போனார்.

முதல் லோடு போனது போனதுதான். பூந்தமல்லி ஷெட்டில் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். “நைனா, லோடோட ஒரு தபா பிரேக்கைப் போட்டிருந்தீன்னா சக்கரம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்” என்றார். நானும் கூடப் போயிருந்தேன். அந்தக் கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்து திருவேற்காடு இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். சிவப்புப் பூ வந்திருந்தால், நான் கேட்ட தேர்டு பார்ட்டி ஒரே போனில் முடிந்திருக்கும். வண்டியைப் பார்க்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை காலையில் நானே திருநீறு பூசி இவரை அனுப்பி வைத்திருப்பேன்.

எல்லாம் சரிசெய்த பிறகு மறுபடி பார்க்க வந்தவர் வேறு ஆள். முதலில் வந்தவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இந்த ஆவணியில் மறுபடி இன்சூரன்ஸ் கட்டினோம். தள்ளுபடிகூடக் கொஞ்சம் கிடைத்தது. பென்சில் தேய்த்த அந்தத் தாள் எங்கள் பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கற்பூரம் காட்டும்போதெல்லாம், கையை ஊன்றி மண்ணிலிருந்து எழுந்த அந்த வியர்த்த முகமும் கூடவே தெரிகிறது. வந்த உடனே அந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் கூசுகிறது.