அண்ணா கண்டுபிடித்த சாம்பல் நிறக் கார்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். நான் மறுத்தும் பார்த்தேன். அண்ணி விடவில்லை. "நீர்தான் எழுதவேணும். ஏனெண்டு உமக்கே தெரியும்" என்றார். ஓராண்டாகியும் என் திகைப்பு தீரவில்லை. திகைத்தபடியேதான் எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அவருக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நாட்டுப் பிரச்சினை முற்றியபோது படிப்பைப் பாதியில் விட்டு, இருபத்தோராவது வயதில் தனியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். முகாம், மொழிப் பள்ளி, பிறகு ஹோர்சன்ஸில் இறைச்சித் தொழிற்சாலை என்று அவருடைய இளமை போனது. குளிர் அறையில் நின்று நின்று விரல் நுனிகள் மரத்துப்போயின. அந்த விரல்களால்தான் ஒவ்வொரு மாதமும் எங்களுக்குக் கடிதம் எழுதினார். என்னை இங்கே அழைத்தவரும் அவர்தான். முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்த்துவிட்டவரும், எனக்குக் கல்யாணம் பேசி முன்னின்று நடத்தியவரும் அவர்தான். பெற்றோர் இருவரும் போன பிறகு எனக்குத் தாயும் தகப்பனுமாக இருந்தார். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாததை இனித்தான் சொல்லப் போகிறேன்.

இறைச்சித் தொழிற்சாலையை விட்ட பிறகு அண்ணா காருக்குப் பெயின்ற் அடிக்கும் தொழிலை முறையாகப் படித்தார். ஹோர்சன்ஸுக்கு வெளியே, பழைய சொகுசுக் கார்களைத் திருத்திப் புதுப்பிக்கும் ஒரு கராஜில் பதினொரு வருடம் வேலை செய்தார். அங்கு அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஒரு கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பது. எந்த நிறம், இருக்கைக்கு எந்தத் தோல், எத்தனை கதவு, எந்த என்ஜின், எல்லாம். ஐம்பது அறுபது வருடத்தில் ஐந்து சொந்தக்காரர்கள் ஐந்து விதமாக மாற்றியிருப்பார்கள். திருகாணியின் அடியிலும் தகட்டின் பின்னாலும் மிஞ்சியிருக்கும் பழைய பெயின்றை அண்ணா தேடுவார். பிறகு அந்தக் கம்பனியின் பழைய ஆவணங்களை வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் எழுதி, அந்த இலக்கமுள்ள காருக்கான தொழிற்சாலைத் தாளின் பிரதியை வரவழைப்பார். "காருக்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்குப் பிள்ளை" என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

இரண்டரை வருடங்களுக்கு முன் அண்ணா திடீரென்று அந்த வேலையில் இருந்து நின்றுவிட்டார். காரணம் சொல்லவில்லை. சில வாரங்களில் எங்கள் ஆட்களிடையே ஒரு கதை பரவியது. கராஜுக்கு வந்த அருமையான பழைய கார் ஒன்றின் அசல் சாமான் ஏதோ காணாமற் போய்விட்டதாம், அதற்குப் பொறுப்பாக இருந்தவர் அண்ணாவாம், அதனால்தான் அவரை நிறுத்தினார்களாம். ரண்டர்ஸ் நகரில் இருந்த எனக்கு அந்தக் கதை கோயில் மண்டபத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடி கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறி ஹோர்சன்ஸுக்குப் போனேன். அண்ணா சமையலறையில் தனியே இருந்தார்.

"அண்ணை, என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ. சனம் கண்டபடி கதைக்குது."

"நான் ஒண்டும் எடுக்கேல்லை."

"அப்ப ஏன் வேலையை விட்டனீங்கள்?"

"அங்க இருக்கேலாமப் போச்சு. விட்டிட்டன்."

"அது ஒரு பதிலே அண்ணை?"

"இதுக்கு மேல கேளாதை தங்கச்சி. இது என்ர விசயம் மட்டும் இல்லை."

மறைக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் மறைக்கத்தான் செய்தார். ஆனால் நான் நினைத்ததை அல்ல. "உங்களால எனக்குக் கோயிலுக்குப் போகவே வெக்கமாக் கிடக்கு" என்று அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். என்னை வளர்த்த மனிதரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். நான் அதைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினாறு மாதங்கள் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் இரண்டு நிமிடம் தொலைபேசியில் கதைத்தோம். அண்ணா ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். ஐம்பத்தெட்டு வயதில், இளம் பிள்ளைகளோடு ஓடி ஓடிச் செய்யும் வேலை.

கடந்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் இல்லத்தில் ஒரு முதிய பெண்மணிக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அண்ணாவின் மகள். இங்கே பிறந்த பிள்ளை. பதற்றம் வந்தால் தமிழ் வராது. டெனிஷில் மூன்றே சொற்கள் சொன்னாள். தகப்பன் இறந்துவிட்டார் என்பதைச் சொல்ல அந்த மொழியில் மூன்று சொற்கள் போதும். வேலைக்குப் போகும் வழியில், சைக்கிள் பாதையில் விழுந்திருக்கிறார். இருதயம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அந்த அம்மாவின் மற்றக் காலுக்கும் காலுறையைப் போட்டேன். சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன். அவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு மணியை அழுத்தி ஆட்களைக் கூப்பிட்டார்.

இறுதிக் கிரியைகள் ஹோர்சன்ஸில் நடந்தன. பெரிய கூட்டம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பின்வரிசையில் மண்ணிறக் கோட்டு அணிந்த, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு டெனிஷ் பெண்மணி தனியே நின்றதையும் கண்டிருப்பீர்கள். அண்ணாவோடு வேலை செய்தவர்களில் ஒருவர் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்த பின் அவர் அண்ணிக்குக் கை கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் டெனிஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ரண்டர்ஸில் இருக்கும் தங்கை நீங்கள்தானா?"

"ஆம்."

"என் பெயர் கியர்ஸ்டன். உங்களைப் பார்க்கவேண்டும் என்று இருந்தேன். எல்லோரும் அவரைச் சந்தேகித்தபோது நீங்கள் ஒருவர்தான் ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்."

அண்ணி பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு டெனிஷ் நன்றாக விளங்கும். என்னை ஒரு முறை பார்த்தார். அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்ததும் கியர்ஸ்டனின் வீட்டைத் தேடிப் போனேன். நகரத்துக்கு வெளியே, வயல்களின் நடுவில் தனி வீடு. கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே, கோயில் மண்டபத்தில் நான் கேட்ட கதையில் வந்த அந்தப் பழைய கார் நின்றது. கடும் சிவப்பு நிறம், இரண்டு கதவு, கூரையை மடித்துத் திறக்கலாம். அந்த வகையில் மிகச் சிலவே செய்யப்பட்டனவாம். அவருடைய தகப்பனார் வாங்கியது. கியர்ஸ்டன் கல்யாணம் முடித்துத் தேவாலயத்தில் இருந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான். வயது போய்விட்டது என்று விற்கத் தீர்மானித்து அந்தக் கராஜில் கொடுத்திருக்கிறார். வாங்குவதற்கு வெளிநாட்டில் இருந்து ஒருவர் ஆயத்தமாக இருந்தார். எல்லாம் அசல் என்று உறுதிப்படுத்தும் வேலை அண்ணாவிடம் வந்தது.

தொழிற்சாலைத் தாள் வந்தபோது அண்ணா அதை மூன்று முறை வாசித்தாராம். அந்த இலக்கத்துக்கு உரிய கார் சிவப்பு அல்ல. சாம்பல் நிறம். நான்கு கதவு. மூடிய கூரை. அண்ணா காரின் அடியில் படுத்துத் தேடினார். வேறொரு உடலைத் தாங்கியிருந்த ஆணித் துளைகள் அடிச்சட்டத்தில் வெறுமையாக இருந்தன. என்ஜினுக்குப் பின்னால் இலக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் உள்ளங்கை அளவு சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. எப்போதோ யாரோ சாதாரணக் கார் ஒன்றின் மேல், கிடைத்தற்கரிய காரின் உடலை ஏற்றியிருக்கிறார்கள்.

மேஸ்டர், அதாவது கராஜின் முதலாளி, தாள் வரவே இல்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அண்ணா மாட்டேன் என்றார். அன்றே வேலை முடிந்து, பெயின்ற் படிந்த உடுப்போடு பஸ் ஏறி, கியர்ஸ்டனின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நான் அவரை உள்ளே கூப்பிடவே இல்லை" என்றார் கியர்ஸ்டன். "என் அப்பா ஏமாற்றுக்காரர் என்றா சொல்கிறாய் என்று கத்தினேன். மழையில் நின்றபடி, அது எனக்குத் தெரியாது, காரைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்றார். போகச் சொன்னேன். போகும்போது, ஒருவேளை உங்கள் அப்பாவும் ஏமாற்றப்பட்டிருக்கலாம், நான் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்."

விற்பனை நின்றுபோனது. கராஜில் அண்ணாவை நிம்மதியாக இருக்க விடவில்லை. காரில் இருந்த அசல் பொருள் ஒன்றை அவர்தான் தொலைத்துவிட்டார் என்று சொல்லப்பட்டது. அண்ணா வெளியேறினார். இதற்கிடையில் கியர்ஸ்டன் மனம் மாறி, அவர் தேடிப் பார்க்கச் சம்மதித்து, அவரிடம் ஒரு வாக்கும் வாங்கியிருந்தார். உண்மை தெரியும்வரை யாரிடமும் இதைப் பற்றிப் பேசக்கூடாது. சிறிய ஊர், தகப்பனின் பெயர் நாறிவிடும் என்ற பயம்.

ஒரு வருடத்துக்கு மேலாக அண்ணா சனிக்கிழமைகளில் கியர்ஸ்டனின் வீட்டுக்குப் போயிருக்கிறார். களஞ்சியத்தில் ஐந்து நாள் பெட்டி தூக்கிவிட்டு, ஆறாம் நாள் இந்த வேலை. பழைய சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். காருக்கு உடல் கட்டும் தொழில் செய்து எப்போதோ மூடிப்போன கடைகளின் வாரிசுகளைத் தேடினார். கடைசியில் ஓல்போர்க்கில் ஒரு பேரன், தன் பாட்டனாரின் வேலைப் புத்தகத்தை வைத்திருந்தார். அதில் இருந்தது. சாம்பல் நிறக் கார் மரத்தில் மோதி நசுங்கியதும், அப்போதைய சொந்தக்காரர் வேறொரு காரின் திறந்த உடலை வாங்கி அதில் ஏற்றச் சொன்னதும், அப்போதே சிவப்பு அடித்ததும். கியர்ஸ்டனின் தகப்பன் அதை வாங்குவதற்கு இரண்டு வருடங்கள் முன்பு. அவருக்கு அசல் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.

"என் அப்பாவை அவர் எனக்குத் திருப்பித் தந்தார்" என்றார் கியர்ஸ்டன். "இனி நீங்கள் யாரிடமும் சொல்லலாம் என்று அவரிடம் சொன்னேன். அது அவர் இறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன். அவர் மேல் பழி விழுந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்று அழுதேன். அப்போதுதான் உங்களைப் பற்றிச் சொன்னார். என் தங்கைக்கு என்னைத் தெரியும், அவள் அந்தப் பழியை ஒரு நாளும் நம்பவில்லை, அது எனக்குப் போதும் என்றார்."

அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னாரா, அந்த அம்மாவின் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. இனி யாரிடமும் கேட்கவும் முடியாது.

"நான் நம்பினேன்" என்று கியர்ஸ்டனிடம் சொன்னேன். "அவர் திருடியதாகத்தான் நம்பினேன்."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் அவரை மழையில் நிறுத்தினேன்" என்றார். இரண்டு பேரும் கொட்டகையில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குக் கொடுத்திருந்ததால் அண்ணா அவருக்கும் சொல்லியிருக்கவில்லை; வாக்கு நீங்கிய அந்த மூன்று வாரத்திலும் ஏன் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. "உங்களுக்கும் தெரியாதே அண்ணி? அப்ப எப்படி இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"எடுக்கேல்லை எண்டு சொன்னவர். எனக்கு அது போதும்" என்றார் அண்ணி.

கியர்ஸ்டன் காரை இந்த வசந்தகாலத்தில் விற்றார். மறைக்காமல், அண்ணா எழுதி வைத்த முழுக் கோப்போடும் விற்றார். அந்தக் கார் இனி எந்த நாட்டுக்குப் போனாலும், அது பிறந்த விதமும் மாறிய விதமும் அண்ணாவின் கையெழுத்தில் கூடவே போகும்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். சைக்கிள் பாதையில் அண்ணாவுக்கு முதலுதவி செய்து, அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய கையை விடாமல் இருந்த முன்பின் தெரியாத இருவருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய ஹோர்சன்ஸ் அன்பர்களுக்கும், மூன்று நாளும் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், ஓல்போர்க்கில் இருந்தும் நோர்வேயில் இருந்தும் கனடாவில் இருந்தும் வந்து துயர் பகிர்ந்த உறவுகளுக்கும், அந்த வேலைப் புத்தகத்தை எறிந்துவிடாமல் வைத்திருந்த மனிதருக்கும், கியர்ஸ்டனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று இருக்கிறது. கோயில் மண்டபத்தில் நான் கேட்ட கதையை நான் என்னோடு வைத்திருக்கவில்லை. மனப் பாரம் தாங்காமல் என்று சொல்லிக்கொண்டு, உறவினர்களில் ஏழு பேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீங்கள் ஏழு பேரும் இந்த மலரை இப்போது வாசிக்கிறீர்கள். நான் உங்களுக்குச் சொன்னது பொய். அண்ணா எதையும் எடுக்கவில்லை. நீங்கள் அதை யார் யாருக்குச் சொன்னீர்களோ, அவர்களையும் தயவுசெய்து இன்றைக்கே கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.

தங்கை,
ரண்டர்ஸ்