இடது முட்டியில் ஒரு கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தேன். நல்லவேளை, என் முட்டாள்தனமே அவனைக் காப்பாற்றிவிட்டது!

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் கோபால் என்று எனக்கொரு சிநேகிதன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். கல்லூரியில் இருவரும் ஒரே பாஸ்கெட்பால் டீம். இப்போது அவன் பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளி. அவன் கம்பெனித் துணி எங்கெங்கோ போய் யார் யார் கைகாலையோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வருமானத்தில் சொந்தமாக ஒரு பாஸ்கெட்பால் டீம் வைத்திருக்கிறான். நான்... உங்களுக்கே தெரியும், வாராவாரம் உங்களிடம் கதையளந்துகொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை போன் பண்ணினான்.

“ஏலே, நாளைக்குச் சாயங்காலம் மேட்ச் இருக்கு. பஸ்ஸப் பிடிச்சு வா. பிரவீனைப் பாத்துட்டு, தேறுவானா மாட்டானான்னு சொல்லு.”

பிரவீன் சென்னைக்காரன். முப்பது வயது, ஆறே கால் அடி. கோபால் டீமில் அவன்தான் நட்சத்திரம். அவன் சம்பளத்தை நான் சொன்னபோது என் மனைவி, “கூடையில பந்து போடுறதுக்கா?” என்று இரண்டு தடவை கேட்டாள். போன வருஷம் வெளிமாநிலத்தில் ஒரு மேட்சில் முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறான். அடுத்த வருஷத்துக்கும் அவனை வைத்துக்கொள்வதா, கும்பிடு போட்டு அனுப்பிவிடுவதா? மேட்ச் முடிந்ததும் கோபால் முடிவு சொல்லியாக வேண்டும்.

“எந்த முட்டிடா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சொல்ல மாட்டேன். நீதான் பெரிய ஆட்டக்காரனாச்சே... பாத்துச் சொல்லு.”

விடுவேனா? கோபாலுக்கு வழக்கமாகக் கொண்டுபோகும் அரை கிலோ பால்கோவாவோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிவிட்டேன்.

ராஜபாளையத்தில் பாஸ்கெட்பால் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. அங்கே கேலரியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கோச்! என் பக்கத்தில் பேக் கடை வைத்திருக்கும் பாய். முன்வரிசையில் கோபால் கம்பெனிப் பெண்கள். வேனில் அழைத்து வந்திருந்தான். அவர்களில் அமலி என்கிற அம்மாளை எனக்குத் தெரியும். இருபது வருஷமாக பேண்டேஜ் சுற்றும் பிரிவில் வேலை பார்ப்பவர்.

பிரவீன் கோர்ட்டுக்குள் வந்தான். இரண்டு காலிலும் கணுக்கால் வரை கறுப்பு டைட்ஸ். அதன்மேல், இடது முட்டியில், பளிச்சென்று வெள்ளையாக ஒரு கிரேப் பேண்டேஜ்.

கேலரி மொத்தமும் அந்த முட்டியைப் பார்க்க ஆரம்பித்தது. பந்தைப் பார்க்க ஆளே இல்லை.

எதிர் டீமில் ஒரு தடியன். சாக்கு கிடைத்தபோதெல்லாம் தன் முட்டியால் அந்தக் கட்டில் போய் இடித்தான். ரெஃப்ரி பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான்! பிரவீன் முகம் சுளித்துவிட்டு நகர்ந்துவிடுவான். பந்து வந்தால் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். தானாக முயற்சி செய்யவே இல்லை.

“இம்புட்டுச் சம்பளம் வாங்கிட்டு வாக்கிங் வந்தவன் மாதிரில்லா நடக்குதான்!” என்றார் பாய்.

நான் பாயைவிட நுட்பமானவன் இல்லையா? ஒன்றைக் கண்டுபிடித்தேன். பந்தோடு அவன் இடப்பக்கம் போகவே இல்லை! எப்போதும் வலப்பக்கம்தான். ஆக, இடது கால் காலி. மொபைலில் குறித்துக்கொண்டேன்.

அமலி திரும்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, அந்தக் கட்டைப் பாத்தீகளா? தொளதொளன்னு கெடக்கு. வலிக்கிற காலுக்கு யாராவது இப்படிக் கட்டுவாகளா?”

நல்ல பாயின்ட்! அதையும் குறித்துக்கொண்டேன். ‘கட்டைக்கூட ஒழுங்காகக் கட்டாத அலட்சியம்.’

இடைவேளையில் எதிர்ப்பக்கம் டீமோடு உட்கார்ந்திருந்த கோபாலுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். “இடது கால் போச்சு. ஆளும் அலட்சியம். அடுத்த வருஷத்துக்கு வேண்டாம்.”

நீல டிக் விழுந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன்... அதை டைப் பண்ணும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. அதிகச் சம்பளம் வாங்குகிறவனிடம் குறை கண்டுபிடிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது, இல்லையா?

இடைவேளைக்குப் பிறகு பிரவீன் ஆளே மாறிவிட்டான். இடிக்க வந்த தடியனை ஏமாற்றிவிட்டு, வலப்பக்கமாக ஓடி, எம்பி, பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வந்தான். ஒன்று... இன்னொன்று... அடுத்தடுத்து நாலு! ஒவ்வொரு தடவையும் எம்பியது இடது காலில்தான்.

‘பாவம், வலியைத் தாங்கிக்கொண்டு அந்தக் காலிலேயே எம்புகிறானே’ என்று நான் உருகினேன். “நான் அப்பவே சொன்னேம்லா, இவன் புலின்னு!” என்றார் பாய். எப்போது சொன்னார்?

இத்தனை செய்தும் கடைசியில் இரண்டு பாயின்டில் தோற்றுவிட்டோம்.

பிரவீனுக்கு ஒரு ஆறுதல் சொல்லிவிட்டு வரலாம் என்று கேலரிக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குப் போனேன். பிரவீன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தான். முட்டியில் ஐஸ் பை. வலது முட்டியில்!

“தம்பி... ஆபரேஷன் எந்தக் கால்ல?”

“இதுலதான் சார்.” வலது காலைத் தட்டினான்.

“அப்ப அந்தக் கட்டு?”

சிரித்தான். “அது சும்மா சார். முட்டியில ஆபரேஷன்னு தெரிஞ்சா தேடி வந்து இடிப்பானுங்க. இடிக்கிறதுதான் இடிக்கிறானுங்க, நல்ல கால்ல இடிச்சிட்டுப் போகட்டுமே! முதல் பாதியில அடங்கி இருந்து, எல்லாரும் அதை நம்பினப்புறம்தான் ஆட ஆரம்பிச்சேன்.”

“அப்ப ஏன் இடப்பக்கம் போகவே இல்ல?”

“இடப்பக்கம் பாயணும்னா வலது கால்லதானே சார் அழுத்தணும்? அதுக்கு இன்னும் கொஞ்சம் பயமா இருக்கு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இது கல்லூரியில் நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்! அதுபோகட்டும், வலிக்கிற காலில் எவனாவது நாலு தடவை எம்புவானா?

அவன் குரலைத் தாழ்த்தினான். “கோபால் சார் யாரோ பழைய பிளேயரை வரவச்சு என்னைப் பாக்கச் சொல்லியிருக்காராம் சார். அவர் என்ன சொன்னாரோ தெரியல. ஆடாத வருஷத்துக்குச் சம்பளம் கிடையாது. ஒரு வருஷமா என் வொய்ஃப் சம்பளத்துலதான் சாப்பிடுறேன். இங்கயே வேணாம்னுட்டா, வேற எவனும் என்னைத் தொட மாட்டான் சார்.”

அந்தப் பழைய பிளேயர் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? வெட்கமாக இருந்தது. “நல்லபடியாத்தான் சொல்லியிருப்பாரு” என்று உளறிவிட்டு, எனக்கே இருக்கும் பழைய முட்டி வலியை மறந்து கோபாலைத் தேடி ஓடினேன்.

கார் பானட்டில் சாய்ந்துகொண்டு பால்கோவா தின்றுகொண்டிருந்தான்.

“கோபால், அந்த மெசேஜ் தப்புடா. பிரச்னை இடது கால்ல இல்ல...”

“தெரியும். வலது கால். ஆபரேஷன் ரிப்போர்ட் எம் பீரோவுலதான இருக்கு.”

“பொறவு எதுக்குடா என்னைக் கூப்பிட்டே?”

“ஏமிரா, இவன் போட்ட வேஷம் எம்புட்டுத் தூரம் எடுபடுதுன்னு பாக்க வேண்டாமா? காலங்காலமா பாஸ்கெட்பால் பாக்குற நீயே இடதுன்னு எழுதிட்டே. எதிர் டீம் கோச்சும் அந்தக் கால்லயே கண்ண வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கால் முழுசா ஆறுறதுக்கு முன்னாடியே மூளையை வச்சு இப்படி ஆடுறவனை விடுவேனா? உன் மெசேஜைப் பாத்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். அடுத்த வருஷமும் அவன்தான்!”

அங்கேயே பிரவீனைக் கூப்பிட்டுச் சொன்னான். அந்த ஆறே கால் அடி மனுஷன் டவலால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு என்னிடம் வந்து, “நீங்க சொன்ன மாதிரியே அந்தப் பழைய பிளேயர் நல்லபடியாத்தான் சொல்லியிருக்கார் சார்” என்றான்.

கோபால் இருமினான். நான் வானத்தைப் பார்த்தேன்.

“நீ ஒருத்தன்தான் ஏமாந்தேன்னு நெனைக்காத. கேலரி பூராவும் ஏமாந்துச்சு, அமலியைத் தவிர” என்றான் கோபால். “இடைவேளையிலயே வந்து, ‘மொதலாளி, அது வலிக்குப் போட்ட கட்டு இல்ல, ஊருக்குக் காட்டப் போட்டது’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடுத்த தடவை ஆளை எடை போட அவங்களைத்தான் உக்கார வைக்கப் போறேன்.”

என்னையும் சும்மா அனுப்பவில்லை. வேலை பார்த்ததற்குச் சம்பளமாக, பஸ் ஏறும்போது அவன் கம்பெனி கிரேப் பேண்டேஜ் ஒரு ரோலைக் கையில் திணித்தான்.

“முட்டிக்கு இல்லடா. கண்ணுல கட்டிக்கோ!”

எந்தக் கண்ணில் என்றுதான் சொல்லவில்லை.