அரை இஞ்ச் கூடுதல்

என் அத்தைக்குத் தொழில் தையல். கூடவே, இடிமழை வந்தால் கண்ணால் கண்டதை உடனே வானிலை அலுவலகத்துக்குப் போனில் சொல்லும் தன்னார்வலர். போன மாதம் விழுந்த ஆலங்கட்டி ஒன்றரை இஞ்ச் என்று சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருக்காரர் அனுப்பிய படத்திலோ அது ஒரே இஞ்ச்தான். தையல் மடிப்புக்கென்று எந்த அளவிலும் அரை இஞ்ச் சேர்க்கும் பழக்கம் ஆலங்கட்டியையும் விட்டுவைக்கவில்லை.

"இன்னொரு தடவ தப்பாச் சொன்னீங்கன்னா, பட்டியல்ல இருந்து பேர எடுத்துருவோம்மா" என்றார் அதிகாரி. அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று மதியம் கூரைமேல் மறுபடி படபடவென்று விழுந்தது. அத்தை மாமாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய கட்டியை எடுத்து டேப் வைத்து அளந்து, அதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், மணி மூணு பத்து. ஆலங்கட்டி ரெண்டு..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல சார், ஒன்றரை. வெறும் ஒன்றரை!"

"என்னம்மா, பேரம் பேசுறீங்களா?"

"டேப்போட படமே அனுப்புறேன் சார், பாருங்க."

இரண்டே நிமிடத்தில் அதிகாரி திரும்பக் கூப்பிட்டார். "நூல் பிசகாம இருக்கும்மா. அடுத்த ஊருக்கு எச்சரிக்கை விட்டாச்சு."

அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த உற்சாகத்திலேயே மாமாவின் சட்டையை வெட்டித் தைத்து முடித்தார். மாலையில் அதைப் போட்ட மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டி, என் அரை இஞ்ச் எங்க?"

"சத்தம் போடாதீங்க. பட்டன் தெறிச்சா அதையும் நான்தான் போன் பண்ணிச் சொல்லணும்."