வலப்பக்கமே போன பந்து

யுத்தம் முடிந்த சமயம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். சீமைக்குத் திரும்பிய டாக்டரம்மா தன் கோல்ஃப் மட்டைகளை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலங்களில் வற்றிய கண்மாயில் நானும் உடன் வேலைபார்த்த மேரியும் ஆடுவோம். குழியருகே நட்ட கொடியை நோக்கி நான் அடிக்கும் பந்தெல்லாம் வலப்பக்கமே ஓடும். நான் மட்டையைத் திட்டுவேன்.

ஒருநாள் மேரி என் பின்னால் நின்று பார்த்தாள். "ஏட்டி, நீ நிக்கிறதே கோணல். பொறவு பந்து எப்படி நேராப் போகும்?" என்றவள், கொடிக்கு நேராகத் தன் குடையைத் தரையில் கிடத்தினாள். "இதை ஒட்டிக் காலை வையி."

"குடைதான் கோணலாக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். பந்து நேராகக் கொடியடிக்குப் போனது.

நான் துள்ளினேன். மேரி சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் இடக்கண்ணைக் கையால் பொத்தினாள். "நேராக் கெடக்குற குடை உனக்குக் கோணலாத் தெரியுதே. இப்பச் சொல்லு, கொடி எங்க இருக்கு?"

கொடியே தெரியவில்லை. எதிரே நின்ற மேரியும் வெறும் புகையாகத் தெரிந்தாள்.

"எம்புட்டு நாளா இப்படி?"

எனக்கே தெரியவில்லை.

மதுரைக் கண் டாக்டரால் வலக்கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இடக்கண்ணில் அப்போதுதான் தொடங்கியிருந்த நோயை மருந்து விட்டு நிறுத்தினார்.

இன்றும் அந்த ஒரு கண்ணால்தான் வேதாகமம் வாசிக்கிறேன். எல்லாம் சரியாகத் தெரிகிறது என்றுதான் அன்றுவரை நம்பியிருந்தேன். மேரி மட்டும் என் தவறைக் கேலி செய்துவிட்டுப் போயிருந்தால், மிச்சமும் இருண்டிருக்கும்.