துவைக்காத ஆறாவது விரிப்பு

2025 மே 17, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கேட்டைத் திறந்து பால் வாங்கி வைத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை போடாத சாயா கொடுத்தேன். ஆறு மணி மாத்திரையை எடுத்துவைத்தேன். முற்றத்துச் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன். பத்து இருபதுக்குப் பாறசாலையிலிருந்து பெட்டி ஆட்டோவில் மேசை வந்தது. நான்கு பேர் அதைத் தூக்கிக் குளத்தூரிலுள்ள எங்கள் சாப்பாட்டு அறையில் இறக்கியதும், பழைய வார்னிஷும் சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன், பதினொரு வயதில், ஒரு நோட்டும் பென்சிலுமாக நான் உளவு பார்க்கப் போன வீட்டின் வாசனை அது.

மேசை என் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி, மஸ்கட்டில் வேலை. பாறசாலையில் வீடு கட்டி முடிந்த வருடம் மூன்று மாத லீவில் வந்தவர், தேக்குப் பலகை வாங்கி, ஆசாரியை வீட்டிலேயே தங்கவைத்து, ஆறு பேர் இருந்து சாப்பிடும் மேசையைச் செய்யவைத்தார். அதன்மேல் ஈ உட்காரவும் அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுப் பிரதிஷ்டை அன்று போதகர் ஜெபம் முடித்துக் கண் திறந்ததும், "சூடு பாத்திரத்த எவனெங்கிலும் இதுக்க மேல வெச்சியோ, ஆளையும் பாத்திரத்தையும் சேத்து ரோட்டுல வெச்சிருவேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அம்மா அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கை அலுமினியச் சருவத்தோடு பழந்துணி சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அன்று ஜன்னலோர நாற்காலியில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு, மாமா லீவு முடிந்து மஸ்கட் திரும்பிய பிறகு, நாங்கள் போனபோது ஆறு நாற்காலிக்கும் நேராக ஆறு பிளாஸ்டிக் விரிப்புகள் கிடந்தன. கரும்பச்சை நிறம், நடுவில் திராட்சைக்கொத்துப் படம். மாமாவின் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தவற்றை மாமி எடுத்து விரித்திருந்தாள். "டேபிள் மேட்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அன்றுதான். அம்மா விரிப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். திரும்பி வரும் வழியில், பஸ் ஸ்டாப்பில் நின்று, கேட்கத் தொடங்கினாள்.

"தட்டுக்கு அடியில எதுக்கு மேட்? தட்டு அவ கழுவினது. மேசை அவளுக்க மேசை. அப்போ அழுக்கு எங்க இருக்கு? எனக்க கையிலயா?"

மாமி ஒற்றசேகரமங்கலத்துக்காரி, நர்ஸ் படிப்பு படித்தவள், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவாள், எதையும் இரண்டு தடவை கழுவுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு இத்தனையும் சேர்த்து அந்த விரிப்புக்கு ஒரே அர்த்தம்தான் கிடைத்தது. ஆனால் அத்தாட்சி வேண்டும். ஞாயிறுதோறும் டிவியில் படம் பார்க்க நான் மாமி வீட்டுக்குப் போவது வழக்கம் என்பதால், அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. "வேற ஆளு வந்தாலும் விரிக்காளா, இல்ல நமக்கு மட்டும்தானான்னு பாரு மக்கா. மறந்துராம எழுதிட்டு வா."

எழுதினேன். என் நாட்குறிப்புப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. போதகர் வந்தார்: விரிப்பு உண்டு. காஞ்சிரங்குளத்திலிருந்து மாமியின் அக்கா வந்தாள்: உண்டு. தேங்காய் பறிக்க வந்தவருக்கும் அதே மேசையில், அதே விரிப்பில் சோறு. இதை வாசித்துக் காட்டியபோது அம்மா தளரவில்லை. "நீ பாக்குதேன்னு அறிஞ்சு நாடகம் போடுதா." நான்காவது ஞாயிறுதான் அவளுக்கு வேண்டியது கிடைத்தது. மாமி விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், எண்ணினேன், ஐந்து. ஆறாவது மேசையிலேயே கிடந்தது, ஜன்னலோரத்தில். அடுத்த வாரமும் கொடியில் ஐந்துதான்.

"அது நான் இருந்த இடமாக்கும்" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்துவிட்டது. "அத கையால தொடவும் அவளுக்கு அறப்பு. அடுத்த லீவுல தம்பி வரட்டும். அவனுக்க முன்னால வெச்சே கேப்பேன்."

கேட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மாமா கோபக்காரர், அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்ததோ அவர் ஒருவர்தான். அடுத்த ஞாயிறு, மாமி அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து, ஜன்னலோர விரிப்பின் முனையைத் தூக்கினேன். அடியில், பளபளத்த தேக்கில், வெள்ளையாக ஒரு வட்டம். சூடான பாத்திரம் வார்னிஷைத் தின்ற தடம். பார்த்ததும் சருவம் நினைவுக்கு வந்தது.

அடுக்களை வாசலில் மாமி நின்றிருந்தாள். திட்டவில்லை. அருகில் வந்து விரிப்பை என் கையிலிருந்து வாங்கி, பழையபடி வைத்து, உள்ளங்கையால் நீவினாள். "அது அங்ஙன கெடக்கட்டும், மோளே. மாமன் அறிஞ்சா நாத்தூன்கிட்ட சண்டைக்குப் போவும். நாத்தூன் அறிஞ்சா பின்ன இந்தப் படி ஏறாது. ரெண்டு பேரும் அறியாண்டாம்." நாத்தூன் என்றது என் அம்மாவை. தடத்தை மறைக்க ஒரு விரிப்பு போதும்; ஒன்றை மட்டும் போட்டால் யாராவது தூக்கிப் பார்ப்பார்கள் என்றுதான் ஆறையும் போட்டிருக்கிறாள்.

அன்றைய தேதியிட்டு நோட்டில் "விசேஷம் ஒன்றுமில்லை" என்று எழுதினேன். என் வாழ்நாளில் அறிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அம்மா மாமாவிடம் கேட்கவில்லை, வேறொன்று செய்தாள். அந்த மேசையில் சாப்பிடுவதை நிறுத்தினாள். கிறிஸ்துமஸுக்குப் போனால் நின்றபடி சாயா குடிப்பாள்; மாமாவை அடக்கம் செய்த அன்றும் வராந்தாவிலேயே இருந்துவிட்டாள். காரணம் கேட்கும் தைரியம் மாமிக்கு இல்லை. சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

மாமி இப்போது மகனோடு வசிக்கத் திருவனந்தபுரம் போகிறாள், வீடு கைமாறிவிட்டது. போன வாரம் போனில் அழைத்தாள். "மேசை நினக்கு, மோளே. மேட்டும் உண்டு. ஞாயிறு சர்ச் கழிஞ்சு நானும் வரும். நாத்தூன் கூட இருந்து ஒரு வாய் சாப்பிடுமோ?" கேட்டுக்கொண்டிருந்த அம்மா, வயது எழுபத்தொன்பது, உடனே சொன்னாள்: "ஞாயிறு எனக்கு தலைவலி உண்டு. இப்பவே சொல்லிப்போட்டேன்."

ஆகவே இன்று மாலை நான்கு மணி சாயாவுக்கு அவளை மேசைக்கு அழைத்தேன். விரிப்புகளைப் பழைய வரிசையில் போட்டிருந்தேன். ஐந்து வெளிறிச் சாம்பலாகிவிட்டன; ஆறாவது இன்னும் கரும்பச்சை. அம்மாவின் கண் நேராக அதில்தான் விழுந்தது. விரிப்பைத் தூக்கினேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா வட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நான் வெச்சதுன்னு ஆரு சொன்னா?"

"பாத்தாலே தெரியுதே, அம்மா."

"எனக்க சருவம் இத்தன பெரிசு கெடையாது." பிறகு, "அப்போ இத்தன வருஷமும் எனக்க குத்தத்த மூடி வெச்சு அவ நல்லவ ஆயிட்டா. நீயும் கண்டுட்டு மிண்டாம இருந்தியா? பொல்லாத்த குட்டியாக்கும் நீ" என்று சாயாவைத் தொடாமல் எழுந்து போனாள்.

மாமா இல்லை. பாறசாலை வீட்டில் இனி வேறு ஆட்கள். பென்சிலால் எழுதிய அந்த நோட்டும் எங்கோ போய்விட்டது. இருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தியிருப்பேன்.

மே 18, ஞாயிறு. காலை ஐந்து பத்துக்கு அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா அலமாரியின் அடித்தட்டிலிருந்து, விளிம்பு நெளிந்த அந்தப் பழைய சருவத்தை இழுத்து எடுத்திருந்தாள். கரும்பச்சை விரிப்பை அவளே நீக்கி, சருவத்தை வட்டத்தின்மேல் இறக்கினாள். குனிந்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"மரச்சீனி இருக்கா வீட்டுல?" என்று கேட்டாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "அவளுக்கு சர்ச் எத்தன மணிக்கு விடும்?"

தலைவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.